இன்னோர் அணை வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். மேலூர் பக்கம் எங்களுக்கு ஒருபோகம்தான், அதுவும் கடைமடை. வைகை அணை நிரம்பியது என்று செய்தி வருகிறது. ஆனால் எங்கள் கண்மாய் பாதிகூட நிறைவதில்லை. இன்னோர் அணை கட்டினால்தான் விடிவு என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர், மேலூர்

அன்புள்ள நண்பருக்கு,

இன்னோர் அணை வந்தாலும் உங்கள் கண்மாய் நிறையாது என்றே நினைக்கிறேன்.

1895-இல் திறந்த பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி வைகைக்கு வருகிறது. 1959-இல் காமராசர் திறந்த வைகை அணை அதைத் தேக்குகிறது. அங்கிருந்து விட்ட தண்ணீரைப் பெரியாறு பிரதானக் கால்வாய்க்குத் திருப்புவது அணைப்பட்டி அருகே இருக்கும் பேரணை என்ற தடுப்பணை. கள்ளந்திரி வரை இருபோகம், 45,041 ஏக்கர். அதற்குக் கீழே உங்கள் ஒருபோகம், 85,563 ஏக்கர். வழியில் கரை உடைந்த இடம், ஆகாயத்தாமரை அடைத்த இடம், இறங்காத ஷட்டர் என்று ஒவ்வொன்றிலும் போகிற தண்ணீர் கடைமடைக்காரன் பங்கிலிருந்துதான் போகிறது. அணை நிரம்பி 71 அடி நிற்பது வேறு, உங்கள் மடையில் தண்ணீர் ஓடுவது வேறு.

பெரியாறு அணையைக் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். பேரணையை யார் பேசுகிறார்கள்? ஷட்டர் திருகுக்குக் கிரீஸ் வைக்க வேண்டும், தேய்ந்த ரப்பரை மாற்ற வேண்டும், கட்டுமான இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றை விரல் பருமனில் இருக்கும்போதே பிடுங்க வேண்டும். விட்டால் வேர் கல்லைப் பிளந்துவிடும். ஆற்றில் மணலை அள்ளி அள்ளிப் படுகை தாழ்ந்தால், தடுப்பணையின் கீழ்த்தளத்துக்கு அடியில் தண்ணீர் அரித்துக்கொண்டு போகும். இதற்கெல்லாம் திறப்பு விழா கிடையாது. அதனால்தான் பணமும் ஆளும் கடைசியாக வருகின்றன.

நம் ஊருக்கு இது தெரியாத விஷயமல்ல. வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஒரு பங்கு என்று அளந்து கொடுத்ததால்தானே, ஆளில்லாத வந்திக்காகச் சிவன் மண் சுமக்க வந்தார்? ஆவணி மூலத்தில் ஆண்டுதோறும் அதைக் கொண்டாடுகிறோம். அந்தப் பங்குதான் குடிமராமத்து. 1858-இல் அதை வெள்ளைக்காரன் சட்டம் போட்டுக் கட்டாய வேலை ஆக்கினான். மக்கள் மனதார செய்ததைத் தண்டனைக்குப் பயந்து செய்யும்படி ஆக்கியது பெரிய கேடு என்பேன். 2017-இல் செலவில் விவசாயிகள் பங்கு 10 சதவீதம் என்று, அரசுத் திட்டமாக அந்தப் பெயர் திரும்பி வந்தது. நல்ல திட்டம். ஆனால் தூர்வாருவது என்றால் ஜேசிபியை இறக்கிக் கண்மாய் நடுவில் குழி தோண்டுவது என்று பல ஊர்களில் ஆகிவிட்டது. குழியில் நிற்கும் தண்ணீர் மடை மட்டத்துக்கு ஏறவே ஏறாது. முதலில் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால், அப்புறம் மடையும், மிஞ்சிய நீர் வழிந்தோடும் கலுங்கும், கடைசியில்தான் கண்மாயின் உள்வாய்.

செப்டம்பர் வாக்கில் உங்களுக்குத் தண்ணீர் விடுவார்கள். அதற்கு முன், கோடையிலேயே, பாசன சங்கத்துக்காரர்களோடு கண்மாய் வாயிலிருந்து மேலே கிளைக்கால்வாய் நெடுக நடந்து பாருங்கள். எந்த மதகு, எந்த உடைப்பு, எத்தனை அடிக்கு மண் மேடு என்று எழுதி, நீர்வளத்துறையில் கொடுத்து ரசீது வாங்குங்கள். மேல்மடைக்காரர்களையும் உடன் அழைத்துப் போங்கள், முறை வைத்துப் பாய்ச்சும்போது அவர்கள் தயவு உங்களுக்கு வேண்டும்.