ஒட்டு மாமரங்களின் பெயர் அட்டை வெயிலில் அழிகிறது: பல வருடம் தாங்க என்ன செய்வது?

கேள்வி: ஐயா, வணக்கம். நத்தம் பக்கம் ஒரு ஏக்கர் செம்மண் நிலத்தில் மூன்று வருடத்துக்கு முன்பு 60 ஒட்டு மாங்கன்றுகள் வைத்தேன். இமாம்பசந்த், பங்கனப்பள்ளி, செந்தூரா, கிளிமூக்கு, ருமானி, நீலம் என்று ஆறு ரகம். ஒவ்வொரு கன்றுக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் அட்டையில் பெர்மனன்ட் மார்க்கரால் பெயர் எழுதிக் கட்டுக்கம்பியால் கட்டினேன். ஒரே கோடையில் எழுத்து மங்கிவிட்டது. மறுபடி எழுதினேன், மறுபடியும் போய்விட்டது. இப்போது அட்டையே கையில் நொறுங்குகிறது. 11 மரங்கள் என்ன ரகம் என்றே தெரியவில்லை. வரப்பில் இருக்கும் 14 தென்னைக்கும் எண் போட நினைக்கிறேன். செலவு குறைவாக, நீண்ட காலம் நிற்கும்படி எப்படிச் செய்வது?

பதில்: வணக்கம் தம்பி. அட்டையைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் இன்றைக்கே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போங்கள். 11 மரத்தின் பெயர் போய்விட்டது என்கிறீர்கள். மீதி 49 மரத்தின் பெயர் உங்கள் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. அதை உடனே காகிதத்தில் இறக்கி வைக்க வேண்டும்.

கிணறு, மோட்டார் அறை, கல்தூண் என்று இடம் மாறாத ஒன்றைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து வரிசைக்கு ஓர் எண், வரிசைக்குள் மரத்துக்கு ஓர் எண். நான்காம் வரிசையில் ஏழாவது மரம் என்றால் 4-7. நோட்டில் கட்டம் போட்டு ஒவ்வொரு கட்டத்திலும் ரகம், நட்ட மாதம், வருடம், கன்று வாங்கிய இடம் எல்லாம் எழுதுங்கள். தொடக்கம் எந்த மூலை, வரிசை எந்தத் திசையில் ஓடுகிறது என்பதையும் படத்திலேயே குறியுங்கள். அது இல்லாமல் பத்து வருடம் கழித்து உங்கள் மகன் அந்தப் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்க வாய்ப்புண்டு. ஒரு மரம் பட்டுப்போய் அந்தக் குழியில் வேறு கன்று வைத்தால் பழைய பதிவை அழிக்க வேண்டாம். கீழே தேதி போட்டு "மறுநடவு" என்று சேர்த்து எழுதுங்கள். முடித்ததும் போனில் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

மாட்டுக் காதில் மஞ்சள் வில்லை போடுகிறார்களே, பார்த்திருப்பீர்கள். அதில் இருப்பது 12 இலக்க எண் மட்டும்தான். இனம், வயது, தடுப்பூசி எல்லாம் பதிவில் இருக்கும். மரத்துக்கும் அதே முறைதான் சரி. தகட்டில் எண்ணும் ரகமும் இருந்தால் போதும், மற்றது நோட்டில் இருக்கட்டும்.

சரி, இப்போது உங்கள் எழுத்து ஏன் அழிந்தது என்று பார்ப்போம். மார்க்கரில் "பெர்மனன்ட்" என்று போட்டிருப்பது தண்ணீரில் கரையாது என்பதற்காக. வெயில் வேறு விஷயம். அந்த மையில் பெரும்பாலும் இருப்பது சாயம். புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு அந்தச் சாயம் உடைந்து நிறம் போய்விடும். துணிக்கொடியில் தினமும் காயும் சிவப்புச் சட்டை வெளுப்பதும் இதனால்தான். வெள்ளைப் பிளாஸ்டிக் நொறுங்குவதற்கும் அதே கதிர்தான் காரணம். சொட்டுநீர்க் குழாய் மட்டும் அதே வெயிலில் வருடக்கணக்கில் கிடக்கிறதே என்று கேட்கலாம். அதன் கறுப்பு நிறம் கார்பன் தூள் கலந்ததால் வந்தது. அந்தக் கார்பன் கதிரை உள்ளே விடாமல் தானே வாங்கிக்கொள்கிறது.

பென்சில் எழுத்தும் கார்பன்தான். அதனால் வெயிலில் வெளுக்காது. நாற்றுப்பை, விதைப்படுக்கை மாதிரி ஓரிரு வருட வேலைக்குப் பிளாஸ்டிக் அட்டையை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, மென்மையான பென்சிலால் அழுத்தி எழுதினால் மார்க்கரைவிட நன்றாக நிற்கும். பெயின்ட் மார்க்கரும் சில வருடம் வரும். லேமினேஷன் போட்ட காகிதம் வேண்டாம். ஓரத்தில் சின்னப் பிரிவு விழுந்தால் போதும், முதல் மழையிலேயே உள்ளே பூஞ்சணம் பிடித்துவிடும். மரக்குச்சியும் வேண்டாம், உங்கள் செம்மண்ணில் கரையான் விட்டுவைக்காது.

ஆனால் மாமரம் நம்மைவிட அதிக காலம் இருக்கப்போவது. அதற்கு மை எதுவுமே சரிப்படாது. எழுத்தைக் கீறித்தான் வைக்க வேண்டும். மேலே பூசியது என்றைக்காவது போய்விடும், உலோகத்தில் பள்ளமாக விழுந்தது அந்தத் தகடு இருக்கும்வரை இருக்கும்.

இதற்கு நான் எல்லோருக்கும் சொல்வது ஆஃப்செட் அச்சகத்தில் கழித்துப் போடும் பழைய பிளேட். அது சுத்தமான மெல்லிய அலுமினியத் தகடு. பக்கத்து ஊர் அச்சகத்திலோ பழைய இரும்புக் கடையிலோ எடைக்குக் கேட்டால் கொடுப்பார்கள். ஒரு பெரிய பிளேட்டிலேயே உங்கள் 60 மரத்துக்கும் தகடு வந்துவிடும். சாதாரணக் கத்தரிக்கோலால் மூன்று அங்குல நீளம், ஒன்றரை அங்குல அகலத்துக்கு வெட்டுங்கள். நான்கு மூலையையும் வளைவாக வெட்டிவிடுங்கள், கூர் மூலை காய் பறிக்கிறவர் கையைக் கிழிக்கும். குளிர்பான டப்பாவை வெட்டியும் செய்யலாம். ஆனால் அது இன்னும் மெல்லிசு, காற்றில் ஆடி ஆடித் துளை இருக்கும் இடத்தில் கிழியும். டப்பாதான் கிடைக்கிறது என்றால் இரண்டாக மடித்துத் தட்டிக்கொள்ளுங்கள்.

தகட்டை ஒரு பழைய ரப்பர் செருப்பின் மேல் வையுங்கள். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால், பள்ளிக்கூடத்தில் எழுதிய மாதிரி பெரிய எழுத்தாக, மெதுவாக அழுத்தி எழுதுங்கள். அடியில் ரப்பர் கொஞ்சம் அமுங்குவதால் எழுத்து நன்றாகப் பள்ளம் விழும். அதே கோட்டின் மேல் இரண்டாவது தடவையும் பேனாவை ஓட்டுங்கள். புள்ளி வைக்கும் எழுத்தில் புள்ளியைக் குத்தி வையுங்கள், அவசரத்தில் விட்டுப்போவது அதுதான். காலப்போக்கில் தகடு மங்கி எழுத்து சரியாகத் தெரியாத மாதிரி இருந்தால் கொஞ்சம் செம்மண்ணை விரலால் தேய்த்துத் துடையுங்கள். பள்ளத்தில் மண் தங்கி எழுத்து பளிச்சென்று வந்துவிடும்.

எண்களுக்கு இரும்புக் கடையில் நம்பர் பஞ்ச் செட் விற்கிறார்கள், சுத்தியலால் தட்டிப் பதிப்பது. ஐந்து அல்லது ஆறு மில்லிமீட்டர் அளவு வாங்குங்கள். பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் பத்துக்குப் பதில் ஒன்பது பஞ்ச்தான் இருக்கும். 6-ஐத் திருப்பிப் போட்டால் 9 என்பதால் ஒன்றைக் குறைத்துவிடுவார்கள். கம்பியில் தொங்கும் தகடும் அப்படியே திரும்பிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு எண்ணுக்கும் அடியில் ஒரு கோடு கீறிவிடுங்கள். இதைச் செய்யாமல் ஒரு தோட்டத்தில் 6-ஆம் மரத்தின் குச்சியை 9-ஆம் மரம் என்று நினைத்து ஒட்டுக்கு வெட்டிவிட்டார்கள். அந்த வருட ஒட்டு முழுக்க ரகம் மாறிப்போனது.

கட்டுவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் மரமே போகிறது. என் தோட்டத்தில் ஒரு மல்கோவாவுக்கு நானே நடுத்தண்டைச் சுற்றிக் கம்பியால் தகடு கட்டினேன். இரண்டு வருடம் திரும்பிப் பார்க்கவில்லை. தண்டு பருத்து, கம்பி பட்டைக்குள் புதைந்து, அதற்கு மேலே வீங்கிப்போயிருந்தது. ஆடிக் காற்றில் சரியாக அந்த இடத்தில் முறிந்து விழுந்தது. இலை தயாரிக்கும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. கம்பி அந்த வழியை அடைத்துவிடுகிறது. உங்கள் மரங்களில் மூன்று வருடமாகக் கட்டுக்கம்பி இருக்கிறது என்பதைப் படித்ததும் எனக்கு அந்த நினைப்புதான் வந்தது. நாளைக்கே ஒவ்வொரு மரமாகப் பார்த்து அவிழ்த்துவிடுங்கள். புதைந்திருந்தால் வெட்டி, பட்டை கிழியாமல் மெதுவாக உருவுங்கள். நர்சரிக்காரர் ஒட்டுப் பகுதியில் சுற்றிய பாலித்தீன் நாடா மிச்சம் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

புதிதாகக் கட்டும்போது நடுத்தண்டை விட்டுவிட்டு ஒரு பக்கக் கிளையில் கட்டுங்கள். பழைய சொட்டுநீர்க் குழாயில் ஒரு சாண் துண்டு வெட்டி, அதற்குள் கம்பியை விட்டு, கிளையைச் சுற்றித் தளர்வான வளையமாகப் போடுங்கள். வளையத்துக்கும் கிளைக்கும் நடுவில் மூன்று விரல் தாராளமாக நுழைய வேண்டும். கம்பி அலுமினியமாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருப்பது நல்லது. வீட்டு வயரிங்கில் மிஞ்சிய செம்புக் கம்பி மட்டும் வேண்டவே வேண்டாம். செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால் அலுமினியம் அரித்துத் துளை பெரிதாகி, தகடு விழுந்துவிடும். கட்டுக்கம்பி துருப்பிடித்து அறுந்துவிடும்.

அறுவடை முடிந்து ஆகஸ்ட், செப்டம்பரில் கவாத்து செய்யும்போது எல்லா வளையத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துத் தளர்த்திவிடுங்கள். கவாத்துக்கு வரும் ஆட்களிடம் தகடு இருக்கும் கிளையை முன்கூட்டியே காட்டிவிடுங்கள். வெட்டிய கிளையோடு தகடும் குப்பைக்குப் போவது அடிக்கடி நடக்கும். மாமரத்தில் ஆணி அடிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். பால் வடியும், காயத்தில் பூச்சியும் பூஞ்சணமும் புகும், நான் அடிக்கச் சொல்வதில்லை.

ஒட்டு மரம் என்பதால் இன்னொரு விஷயம். ஒட்டுப் பகுதிக்குக் கீழே இருப்பது நாட்டு மாங்கொட்டையிலிருந்து வந்த வேர்ச்செடி. மேலே இருக்கும் ஒட்டுக்குச்சி பட்டுப்போய், கீழிருந்து துளிர்த்த கிளை மரமாகிவிட்டால், தகட்டில் இமாம்பசந்த் என்று இருக்கும், காய்ப்பது நாட்டுக்காயாக இருக்கும். அதனால் தகடு எப்போதும் ஒட்டுப் பகுதிக்கு மேலே உள்ள கிளையில்தான் இருக்க வேண்டும். கீழே வரும் துளிரைக் கண்டதும் கிள்ளிவிடுங்கள்.

தென்னைக்குக் கம்பி புதையும் தொல்லை கிடையாது. தென்னை மரம் ஒருதடவை உருண்டு திரண்டபின் பக்கவாட்டில் பருப்பதில்லை. அதனால் நெஞ்சு உயரத்தில் வெள்ளை எனாமலில் ஒரு சாண் அகலப் பட்டை அடித்து, அதன்மேல் கறுப்பில் எண் எழுதினால் போதும். மங்கினால் அதே இடத்தில் மறுபடி எழுதிக்கொள்ளலாம். ஆனால் ஆணி மட்டும் கூடாது. மாமரத்துக் காயம் நாளடைவில் மூடிக்கொள்ளும், தென்னைக்கு அப்படி மூடும் திசு கிடையாது. அந்த ஓட்டை கடைசிவரை அப்படியே இருக்கும்.

வீட்டுப் பக்கத்தில் மூலிகை, கீரைப் பாத்தி இருந்தால் அதற்குச் சுட்ட மண் அட்டை மிக நல்லது. மண்பாண்டம் செய்கிறவரிடம் சொல்லி, பாதி காய்ந்த களிமண் பட்டையில் ஈர்க்குச்சியால் பெயர் கீறி, சூளையில் மற்றப் பானைகளோடு வைத்துச் சுட்டுத் தரச் சொல்லுங்கள். கீழடியில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த பானை ஓடுகளில் "ஆதன்" என்று கீறிய பெயரை இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாகியும் படிக்க முடிகிறது. புல்வெட்டும் இயந்திரம் படாத இடமாகப் பார்த்து ஊன்றி வைத்தால் உங்கள் துளசியின் பெயருக்கு ஒன்றும் ஆகாது.

இனி அந்த 11 மரம். துளிரின் நிறம், இலையைக் கசக்கினால் வரும் மணம் ரகத்துக்கு ரகம் மாறும். உறுதியாகத் தெரிந்த மரத்தின் இலையையும் தெரியாத மரத்தின் இலையையும் இரண்டு கையில் கசக்கி முகர்ந்து பாருங்கள், ஓரளவு பிடிபடும். ஆனாலும் அதை வைத்து மட்டும் பெயர் எழுதிவிடாதீர்கள். தப்பான பெயர், பெயரே இல்லாததைவிட அதிகத் தொல்லை தரும். காய் பிடித்துவிட்டால் சந்தேகம் இருக்காது: கிளிமூக்கு பிஞ்சிலேயே மூக்கைக் காட்டும், ருமானி உருண்டையாக இருக்கும், மற்ற ரகமெல்லாம் முடியும் நேரத்தில் நீலம் வரும். அதுவரை அந்த 11 தகட்டிலும் எண்ணை மட்டும் பதித்துத் தொங்கவிட்டு, பெயருக்கு உரிய இடத்தைக் காலியாக வையுங்கள். காய் பார்த்த அன்றைக்கு மை தீர்ந்த பேனாவை எடுத்துக்கொண்டு போனால், அதே தகட்டில் பெயரைக் கீறிக்கொள்ளலாம்.