சேலம் சூனியக்காரி வழக்குல எந்தப் பொம்பளையாவது கோர்ட்ட எதிர்த்துப் பேசினாங்களா?

பேசினாங்க, ஒருத்தர் ரெண்டு பேரு இல்ல. (நம்ம சேலம் இல்லைங்க, அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல இருக்குற சேலம், 1692. அப்புறம் அங்க யாரையும் உயிரோட எரிக்கல, 19 பேர தூக்குல போட்டாங்க, அதுல 14 பேர் பொம்பளைங்க.) எனக்கு ரொம்பப் பிடிச்சவங்க சுசன்னா மார்ட்டின். எழுபது வயசு விதவை, புருஷன் கொல்லரா இருந்து செத்துப்போனவர், 1669-லயே ஒரு தடவ இவங்க மேல சூனியப் பட்டம் கட்டிப் பாத்திருக்காங்க.

மே 2-ஆம் தேதி விசாரணை. இவங்க உள்ள நுழைஞ்சதுமே குற்றம் சொன்ன பொண்ணுங்க வலிப்பு வந்த மாதிரி விழுறாங்க, கத்துறாங்க, கூட்டமே பதறுது, இந்தம்மா சிரிச்சுட்டாங்க. என்னது, இதப் பாத்தா சிரிக்கிறன்னு நீதிபதி கேட்டதுக்கு, இந்தக் கூத்தப் பாத்தா சிரிக்காம வேற என்ன பண்றதுங்கிற மாதிரி பதில். அந்தப் பொண்ணுங்களுக்கு சூனியம் வச்சிருக்குன்னு நீ நினைக்கலையான்னா, இல்ல, நினைக்கலன்னு நேரா சொல்லிட்டாங்க. இதெல்லாம் விசாரணைக் குறிப்புலயே இருக்கு, கோர்ட்டுக்காரங்க எழுதிவச்சதாலதான் நமக்கே கிடைக்குது.

ஆனா சிரிப்ப விட பெரிய விஷயம் அதுக்கப்புறம் சொன்னது. அந்த வழக்குங்கள்ல பெரிய சாட்சியே என்னன்னா, "இவ உருவம் ராத்திரி வந்து என் கழுத்த நெரிச்சுது"ங்கிறதுதான். ஒருத்தர் சம்மதிக்காம பிசாசு அவங்க உருவத்துல வரமுடியாது, அதனால உருவம் வந்துச்சுன்னா அவ பிசாசோட ஒப்பந்தம் போட்டவதான்னு ஒரு கணக்கு. இதுக்கு என்ன சாட்சி கொண்டுவந்து மறுப்பீங்க, நான் வீட்டுல தூங்கிட்டு இருந்தேன்னு சொன்னாலும் உடம்பு அங்க இருந்துச்சு, உருவம் இங்க வந்துச்சுன்னு சொல்லிருவாங்களே. அதுக்கு இந்தம்மா சாமுவேல் உருவத்துலயே வந்தவன் யார் உருவத்துல வேணா வருவான்னு ஒரே வரில முடிச்சுட்டாங்க. சர்ச்சுல வளர்ந்தவங்களுக்கு உடனே புரியும், பைபிள்ல சவுல் ராஜா எந்தோர்ங்கிற ஊருக்குப் போய் அஞ்சனம் பார்க்கிற (அதாவது ஆவிய எழுப்பிக் குறி சொல்ற) ஸ்திரீகிட்ட செத்துப்போன தீர்க்கதரிசி சாமுவேல எழுப்பச் சொல்ற கதை. அப்ப வந்தது சாமுவேல் இல்ல, அவர் உருவத்துல வந்த பிசாசுன்னு இந்தம்மா எடுத்துக்கிட்டாங்க. எங்க சண்டே ஸ்கூல்ல அந்த அதிகாரத்த டீச்சர் வேகவேகமா தாண்டிருவாங்க. ஒரு தீர்க்கதரிசி உருவமே பிசாசுக்குக் கிடைக்கும்னா என் உருவம் எம்மாத்திரம், இதான் வாதம். பியூரிட்டன் (ரொம்பக் கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவு) ஊர்ல பொம்பளை பிரசங்கம் பண்ண முடியாது, ஆனா வேதத்த எல்லாரும் படிக்கணும்னு அவங்களே சொல்லிக்கொடுத்தாங்க, அது திரும்பி அவங்க மேலயே பாய்ஞ்சுது.

இதுல கொடுமை என்னன்னா, ஆமா நான் சூனியக்காரிதான்னு ஒத்துக்கிட்டு அதுலயே நின்னவங்க யாரையும் தூக்குல போடல. அப்படி ஒத்துக்கிட்டவங்க 50 பேருக்கு மேல, அவங்கள குறை சொல்ல எனக்கு மனசு வரல. இல்லன்னு நின்னவங்களுக்குத்தான் கயிறு. ஜூலை 19-ஆம் தேதி சுசன்னாவோட சேத்து அஞ்சு பொம்பளைங்க. அதுல சாரா குட், பிச்சை எடுத்துப் பொழச்சவங்க, கைக்குழந்தை ஜெயில்லயே செத்துப்போச்சு, நாலஞ்சு வயசுப் பொண்ணையும் சங்கிலி போட்டு அடைச்சு வச்சிருந்தாங்க. கடைசி நேரத்துலயும் ஒத்துக்கோன்னு நச்சரிச்ச பாதிரியார்கிட்ட, நீ மந்திரவாதின்னா நான் சூனியக்காரி, என் உயிர எடுத்தா கடவுள் உனக்குக் குடிக்க ரத்தம் கொடுப்பார்னு சொல்லிட்டுப் போனாங்களாம்.

அந்தக் குற்றம் சொன்ன பொண்ணுங்களுக்கும் ஒரு அதிகாரம் கிடைச்சுது, அதையும் சொல்லணும். வீட்டு வேலைக்காரி, 12 வயசுப் பிள்ளை, யாருமே பேச்ச மதிக்காத இதுங்க வாயத் திறந்தா நீதிபதி எழுதிக்கிறார். ஆனா அத எதிர்ப்புன்னு கொண்டாட என்னால முடியல, போன உயிருங்கள்ல முக்காவாசி அவங்கள மாதிரியே பேச்சுரிமை இல்லாத பொம்பளைங்க.

அக்டோபர்ல ஹார்வர்டு தலைவரா இருந்த இன்க்ரீஸ் மாதர்ங்கிற பாதிரியார், நிரபராதி உருவத்துலயும் பிசாசு வரலாம், உருவ சாட்சிய நம்பி தண்டிக்கக்கூடாதுன்னு எழுதுறார், அதே எந்தோர் கதையையும் எடுக்குறார். எல்லாரும் கேட்டுக்கிட்டாங்க, அதே மாசம் கவர்னர் அந்த கோர்ட்டையே கலைச்சுட்டார். மே மாசம் அந்தக் கிழவி சொன்ன அதே பாயிண்ட்டுதான். அவர் மகன் காட்டன் மாதர், அவரும் பாதிரியார்தான், உலகத்துலயே திமிர் பிடிச்ச, துஷ்டப் பிறவிகள்ல ஒருத்தின்னு சுசன்னாவப் பத்தி எழுதிவச்சுட்டார்.

1711-ல கொஞ்சம் பேருக்குத் தீர்ப்ப ரத்து பண்ணி நஷ்ட ஈடு கொடுத்தாங்க, அந்த லிஸ்ட்ல சுசன்னா பேர் இல்ல. 2001 அக்டோபர் 31-ஆம் தேதிதான் அவங்க பேரையும் சேத்து நிரபராதின்னு சட்டம் போட்டாங்க, கையெழுத்து போட்ட ஆக்டிங் கவர்னர் ஜேன் ஸ்விஃப்ட், ஒரு பொம்பளை.