றால் கோதும் அம்மாவின் கால் புண்ணும்

வணக்கம் ஐயா,

றால் கோதில் இருந்து காயத்துக்குக் கட்டும் மருந்து செய்கிறார்கள் என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். அதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்குப் பதினொரு வருடமாகச் சீனி வருத்தம். இன்சுலின் போடுகிறார். இப்போது இடது கால் பெருவிரலுக்குக் கீழே ஒரு புண், ஆறு கிழமையாகியும் மாறவில்லை. பெரியம்மா முல்லைத்தீவுக் கரையில் றால் கோது கழற்றும் வேலைக்குப் போகிறவர். நான் வாசித்ததைக் கேட்டுவிட்டு, கோதைக் காயவைத்து இடித்துச் சலித்து ஒரு போத்தல் பொடி கொண்டுவந்து தந்திருக்கிறார். அதைப் புண்ணில் போடலாமா? பரியாரியார் சங்கைச் சுட்டு மருந்து கொடுத்தவர்தானே என்கிறார் பெரியம்மா. இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் கரையில் கொட்டிக் கிடக்கும் கோதை வைத்து இங்கேயே ஏதும் செய்ய முடியாதா?

ஒரு வாசகி, முள்ளியவளை

அன்புள்ள பிள்ளைக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பொடியைப் புண்ணில் போடவேண்டாம். ஏற்கெனவே போட்டிருந்தால், கொதிக்கவைத்து ஆறவிட்ட தண்ணீரால் கழுவிவிட்டு, சுத்தமான துணியால் மூடி, அம்மாவை இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். சீனி வருத்தக்காரருக்கு ஆறு கிழமையாக மாறாத கால் புண் என்றால் அடுத்த கிளினிக் நாள்வரை வைத்திருக்கக் கூடாது. அதிலும் ஓரம் கறுத்திருந்தாலோ, மணம் வந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. கோதுக்கும் மருந்துக்கும் நடுவில் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதைப் போன மாதம் நான் எழுதாமல் விட்டது என் பிழை. அதை இப்போது சொல்கிறேன்.

காய்ந்த றால் கோதில் பெரும்பாலும் மூன்று பொருட்கள் இருக்கின்றன: சுண்ணாம்பு, புரதம், கைட்டின் என்ற நார்போன்ற பொருள். நமக்கு வேண்டியது கைட்டின். கோதை ஐதான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவிட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்து போகும். அப்புறம் காஸ்டிக் சோடாக் கரைசலில் சூடாக்கினால் புரதம் கழன்றுவிடும். மிஞ்சுகிறதுதான் கைட்டின். அது இலேசில் எதிலும் கரையாது. அதை மறுபடியும் நூற்றுக்கு நாற்பது, ஐம்பது பங்கு செறிவான காஸ்டிக் சோடாவில் மணிக்கணக்காகச் சூடாக்கினால் கைட்டோசன் கிடைக்கும். பிரான்சில் ரூஜே என்பவர் 1859இல் கண்டது இது. வினாகிரி அளவு புளிப்பிலேயே கரைந்துவிடும். மருந்துக்கு எடுப்பதென்றால் இதற்குப் பிறகும் புரத மிச்சம், பார உலோகம், கிருமி நஞ்சு எல்லாம் போக மறுபடி மறுபடி சுத்தம் செய்ய வேண்டும். பெரியம்மாவின் போத்தலில் இருப்பது இந்த வழியில் முதல் அடிகூட வைக்காத பொடி. வாடியில் இருந்த கிருமியும் அதில்தான் இருக்கிறது.

இவ்வளவு பாடுபட்டு ஏன் செய்கிறார்கள்? கரைந்த கைட்டோசனுக்கு நேர் மின்னேற்றம் இருக்கிறது. நம்முடைய இரத்தச் செங்குழியங்களின் வெளிப்புறத்துக்கு மறை மின்னேற்றம். இரண்டும் சந்தித்தால் செங்குழியங்கள் ஒட்டிச் சேர்ந்து காயத்தின் வாயை அடைத்துவிடும். உடம்பு தன் பாட்டில் இரத்தத்தை உறையவைக்கும்வரை பார்த்திருக்கத் தேவையில்லை. இதே ஒட்டும் குணத்துக்காகத்தான் மருந்து சுமக்கவும் அதைத் தேடுகிறார்கள். மூக்கிலும் குடலிலும் இருக்கும் சளிப்படலத்துக்கும் மறை ஏற்றம்தான். மருந்தைப் பொதிந்த கைட்டோசன் துணிக்கை அதில் ஒட்டி நின்று, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். ஆனால் மருந்து சுமக்கும் இந்த வேலையில் பெரும்பகுதி இன்னும் ஆய்வுகூடத்தில்தான் இருக்கிறது. இரத்தம் நிறுத்தும் கட்டு வந்து கனகாலம்.

2002இல் அமெரிக்காவில் ஹெம்கொன் என்ற கைட்டோசன் கட்டுக்கு அனுமதி கிடைத்தது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அவர்களுடைய படையினர் அதைக் கொண்டு திரிந்தார்கள். 2009 மாசியில், போர் நடந்துகொண்டிருந்தபோது, நான் மாத்தளனில் நின்றேன். மருந்தாளராக இருந்தவன், கொடுக்க மருந்தில்லாமல் நின்றேன். சாரத்தையும் சேலையையும் கிழித்து, அவித்துக் காயப்போட்டுக் காயங்களுக்குக் கட்டினோம். தொடையில் ஷெல் துண்டு பட்ட ஒரு பெடியனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கை விறைக்கும்வரை பிடித்தேன். இரத்தம் நிற்கவில்லை. எங்களுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. இரண்டிலும் றால் இருந்தது. அந்தக் கட்டைப் பற்றி நான் அறிந்தது நாலு வருடம் கழித்து, வவுனியாவில் ஒரு பயிற்சி வகுப்பில். அது கையில் இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பானா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வகுப்பு முடிந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. கோதைப் பற்றி நான் திரும்பத் திரும்ப எழுதுவது அதனால்தான்.

சரி, பரியாரியார் கதைக்கு வருவோம். பெரியம்மா சொல்வது உண்மை, ஆனால் பாதிதான். சங்கு பற்பம் செய்கிறவர் கரையில் பொறுக்கிய சங்கை அப்படியே இடிப்பதில்லை. முதலில் சுத்தி செய்வார், அதாவது அழுக்கும் நஞ்சும் போகச் சுத்தப்படுத்துவார். பிறகு மூலிகைச் சாறு விட்டு அரைத்து, வில்லை தட்டி, அகலில் மூடி, மண் பூசிய துணியால் சுற்றி (சீலைமண்), நெருப்பில் புடம் போடுவார். சுத்தி செய்யாத சரக்கை நோயாளிக்குக் கொடுக்க எந்த நல்ல பரியாரியாரும் சம்மதிக்க மாட்டார். இதைப் பெரியம்மாவிடம் சொல்லுங்கள். என் பேச்சை விட அது அவருக்கு விளங்கும்.

இன்னொன்று அவருக்குச் சந்தோஷம் தரும். அம்மா போடுவது பால்போல் கலங்கிய இன்சுலின் என்றால், போட முன்னர் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டச் சொல்லியிருப்பார்கள். அடியில் படிந்திருக்கும் அந்த வெள்ளையில் இன்சுலினோடு புரோட்டமின் என்ற சிறிய புரதமும் சேர்ந்திருக்கிறது. அது சால்மன் மீனின் விந்தில் இருந்து எடுப்பது. வெறும் இன்சுலின் சில மணித்தியாலத்தில் வேலையை முடித்துவிடும். புரோட்டமின் பிடித்து வைத்திருப்பதால் ஊசி போட்ட இடத்தில் இருந்து மெல்லக் கரைந்து நீண்ட நேரம் நிற்கிறது. டென்மார்க்கில் ஹாகெடோர்னும் கூட இருந்தவர்களும் 1936இல் வெளியிட்ட வழி இது. கடல் மீனின் பொருள் ஒன்று மருந்தைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் வேலை உங்கள் வீட்டிலேயே நாள்தோறும் நடக்கிறது.

கால் புண்ணுக்கும் கடலில் இருந்து வந்த கட்டு உண்டு. கபிலப் பாசியில் இருந்து எடுக்கும் அல்ஜினேற்றைக் கல்சியத்தோடு சேர்த்துப் பஞ்சுபோல் செய்திருப்பார்கள். புண்ணில் ஊறும் நீரில் உள்ள சோடியம் கல்சியத்தின் இடத்தைப் பிடிக்க, பஞ்சு களியாகிவிடும். கழற்றும்போது சதையைப் பிய்க்காது. நீர் ஊறும் புண்ணுக்குத்தான் அது பொருந்தும், காய்ந்த புண்ணுக்கு அல்ல. எது பொருத்தம் என்று புண்ணைப் பார்க்கிற வைத்தியர்தான் சொல்ல வேண்டும். எந்தக் கட்டுப் போட்டாலும், நடக்கும்போது அந்த இடத்தில் பாரம் விழுந்தால் புண் மாறாது. பாரம் விழாமல் செருப்பை எப்படி மாற்றுவது என்று கட்டாயம் கேளுங்கள். முற்றத்திலும் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள்.

உங்கள் கடைசிக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஐஸ்லாந்தில் இசாஃபியோர்தூர் என்று மூவாயிரம் பேர்கூட இல்லாத ஒரு மீன்பிடி ஊர். அங்கே கெரெசிஸ் என்ற நிறுவனம் கொட் மீனின் தோலைப் பதப்படுத்தி, மாறாத புண்ணுக்கு மேல் வைக்கும் கட்டாக்கியது. 2023இல் டென்மார்க் நிறுவனம் ஒன்று அதை 1.3 பில்லியன் டொலர்வரை விலை பேசி வாங்கியது. நம்மால் முடியும் என்றே நான் நினைக்கிறேன், ஆனால் மருந்தில் தொடங்க முடியாது. எங்கள் வெயிலில் கோது கெதியாகப் பழுதாகிவிடும். ஆகவே முதல் தேவை கரையில் ஐஸும், அன்றன்றே கழுவிக் காயவைக்க ஓர் இடமும். அடுத்தது கழிவு. அந்த அமிலமும் காஸ்டிக் சோடாவும் நந்திக்கடல் களப்பில் கலந்தால் றாலே மிஞ்சாது. அதற்கு வழி செய்யாமல் யாராவது தொழிற்சாலை என்று வந்தால் நானே எதிர்த்து நிற்பேன். பயிருக்குப் போடும் கைட்டோசனுக்கு மருந்தளவு சுத்தம் வேண்டாம், அதில் கை பழகலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது. நீங்கள் அங்கே போய்க் கேட்பதாக இருந்தால் நானும் கூட வருகிறேன்.

பெரியம்மாவின் பொடியை எறிய வேண்டாம். கிணற்றடி வாழைக்குப் போட்டு மண்ணால் மூடிவிடுங்கள், வாழைக்கு நல்ல பசளை.