ஃபிரெஷ் பிளட் தான் ஏத்தணுமா? ரத்தப் பை பத்தி நீங்க கேட்டது

கேள்வி: அப்பாவுக்கு பைபாஸ். பிளட் பேங்க்ல 24 நாள் ஆன பையை குடுக்குறாங்க. சொந்தக்காரங்க ரெடியா நிக்கிறாங்க, அவங்க ரத்தத்தையே உடனே ஏத்தச் சொல்லலாமா சார்?

பதில்: வேண்டாங்க. யார் குடுத்தாலும் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா டெஸ்ட் முடியாம ஏத்தக்கூடாது. 2008ல அமெரிக்காவுல ஹார்ட் ஆபரேஷன் பேஷன்ட்ஸோட ரெக்கார்டை அலசி, 14 நாளுக்கு மேல வச்ச ரத்தம் ஏறினவங்களுக்கு சிக்கல் அதிகம்னு ஒரு ஆய்வு வந்துச்சு, அப்ப கிளம்பின பயம் இன்னும் போகல. ஆனா அதுக்கப்புறம் பேஷன்ட்ஸை குலுக்கல் முறைல ரெண்டா பிரிச்சு செஞ்ச பெரிய ஆய்வு எதுலயும் புது ரத்தம் கூடுதலா உயிர் காப்பாத்துச்சுன்னு வரல. 2015ல வந்த ஏபிள் ஆய்வுல ஐசியூ பேஷன்ட்ஸ்ல ஒரு குரூப்புக்கு சராசரி 6 நாள் ரத்தம், இன்னொண்ணுக்கு 22 நாள் ரத்தம், 90 நாளுக்குள்ள இறந்தவங்க 37 சதவீதம், 35.3 சதவீதம், அவ்ளோதான் வித்தியாசம். எக்ஸ்பயரிக்கு முந்தின கடைசி வாரத்து பைகளை மட்டும் தனியா யாரும் பெருசா சோதிக்கல, அது நிஜம். உங்க பை அதுல வராது. சொந்தக்காரங்களை தாராளமா டொனேட் பண்ணச் சொல்லுங்க, அது வேற யாருக்காவது உதவும்.

கேள்வி: ஃபிரிட்ஜ்ல இருக்குற ரத்தம் எப்படி கெடும்?

பதில்: சிவப்பணு குளிர்லயும் குளுக்கோஸை எரிச்சுட்டே தான் இருக்கும், அதுல லாக்டிக் ஆசிட் சேர்ந்து பைக்குள்ள புளிப்பு ஏறும், செல்லுக்கு சக்தி குடுக்குற ஏடிபி குறையும். பொட்டாசியத்தை செல்லுக்குள்ள இழுத்து வைக்கிற சோடியம் பொட்டாசியம் பம்ப் குளிர்ல கிட்டத்தட்ட நின்னுடுறதால பொட்டாசியம் வெளில கசிஞ்சு, நம்ம ரத்தத்துல லிட்டருக்கு 4 மில்லிமோல் சொச்சம் இருக்குறது 42வது நாள்ல பைக்குள்ள 50 பக்கம் போயிடும். ஆக்சிஜனை திசுக்களுக்கு விட்டுக்குடுக்க உதவுற 2,3-டிபிஜி ரெண்டு வாரத்துலயே காலி. தட்டையா வளைஞ்சு குடுக்குற செல்லு முள்ளு முள்ளா மாறி கடைசில உருண்டையாகி விறைச்சுடும், சிலது உடைஞ்சு ஹீமோகுளோபின் வெளில வந்துடும். இதுல பாதி திரும்ப சரியாகக் கூடியதுங்க. உடம்புக்குள்ள போனதும் பம்ப் ஓட ஆரம்பிக்கும், டிபிஜியும் ரெண்டு மூணு நாள்ல ஏறிடும். உருண்டையானது, உடைஞ்சது தான் திரும்பாது. ஏத்தி 24 மணி நேரம் ஆனாலும் 75 சதவீத செல்லாவது ஓடணும்னு கணக்கு வச்சு தான் ரத்தம் உறையாம காக்குற சிபிடிஏ கரைசல் இருக்குற பைக்கு 35 நாள், சிவப்பணுவுக்கு சத்து குடுக்குற எஸ்ஏஜிஎம் கரைசல் சேர்த்ததுக்கு 42 நாள்னு எக்ஸ்பயரி போடுறாங்க.

கேள்வி: பிறந்த குழந்தைக்கும் இதே தானா?

பதில்: இல்ல, இங்க கவனம் வேணும். ரத்தத்தையே மாத்தும்போது அந்த பொட்டாசியம் மொத்தமா ஒரு குட்டி இதயத்துக்குப் போகுது, அதனால 5, 7 நாளுக்குள்ள எடுத்த ரத்தம் தான் கேப்போம். கதிர்வீச்சு குடுத்த பைல கசிவு இன்னும் வேகம், சீக்கிரம் ஏத்திடணும். கொஞ்சம் கொஞ்சமா ஏத்துறதுக்கு இவ்ளோ கெடுபிடி இல்ல.

கேள்வி: பையை வாங்கி வார்டு ஃபிரிட்ஜ்ல வைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அதுக்கு 2ல இருந்து 6 டிகிரி விடாம இருக்கணும், மருந்து ஃபிரிட்ஜை நம்ப முடியாது. அரை மணி நேரத்துக்கு மேல வெளில இருந்தா திருப்பி எடுக்க மாட்டாங்க, 4 மணி நேரத்துக்குள்ள ஏத்தி முடிக்கணும். சுடுதண்ணில முக்கி சூடாக்குறதை யார் செஞ்சாலும் தடுங்க, செல்லு உடைஞ்சுடும்.

கேள்வி: பிளேட்லெட்?

பதில்: ஃபிரிட்ஜே வேண்டாம். 20ல இருந்து 24 டிகிரில ஆட்டிக்கிட்டே வைப்பாங்க, 5 நாள் தான். வாங்கினதும் நேரா வார்டுக்கு கொண்டு போயிடுங்க.