ராமேஸ்வரத்தில் படகு ஏறாமல் கரையிலிருந்தே டால்பின் பார்க்க முடியுமா?

முடியும். தனுஷ்கோடிக்கு நாலு முறை போயும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அநேகமாகப் போன நேரமோ நின்ற பக்கமோ தப்பு.

மீனவர்கள் ஓங்கில் என்று சொல்லும் இந்தப் பிராணி மூச்சுவிட மேலே வரும்போது தெரிவதெல்லாம் கொஞ்சம் முதுகும் ஒரு துடுப்பும்தான். அதுவும் ஓரிரு நொடி. அலை நுனி வெள்ளையாக உடைகிற அளவுக்குக் காற்று இருந்தால், நூறு மீட்டரில் வந்து போனாலும் தெரியாது. அதனால் முதலில் காற்றைப் பாருங்கள்.

தனுஷ்கோடியைத் தாண்டித் தீவின் நுனிக்குப் போகும் அரிச்சல்முனைச் சாலையின் வசதியே இரண்டு பக்கமும் கடல் இருப்பதுதான். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று தென்கடலைக் (மன்னார் வளைகுடா) கலக்கி எடுக்கும். அப்போது வடகடல் (பாக் விரிகுடா) கரையோரம் அடங்கிக் கிடக்கும். ஐப்பசியில் வாடை தொடங்கினால் தை வரை நிலைமை தலைகீழ். தென்கடல் ஆண்கடல், வடகடல் பெண்கடல் என்று சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லப்படுவது பாதி வருஷத்துக்குத்தான் பொருந்தும். பிப்ரவரி, மார்ச்சில் இரண்டு பக்கமுமே ஓரளவு அமைதி. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதுவே நல்ல காலம்.

நேரம், விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை. பிறகு வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். கிழக்கே பார்த்து நிற்காதீர்கள், நீர்ப்பரப்பு முழுக்கக் கண்ணாடியாக மின்னும். தென்கரையில் நின்றால் தென்மேற்காகவும், வடகரையில் நின்றால் வடமேற்காகவும் பாருங்கள். போலராய்டு கண்ணாடி மினுக்கத்தைக் குறைக்கும். கரையிலிருந்தே டால்பின் பார்ப்பதற்குப் பெயர்போன ஸ்காட்லாந்தின் சானன்ரி முனையில் நீர் ஏறும் நேரம் பார்த்துப் போவார்கள். இங்கே ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் அந்தக் கணக்கை நம்பிப் போக வேண்டாம்.

பைனாகுலர் 8×42 அல்லது 7×50 போதும் (முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது). பத்து மடங்குக்கு மேல் போனால் கை நடுக்கத்தில் படம் ஆடும். ஆனால் எடுத்ததும் அதைக் கண்ணில் வைப்பதுதான் எல்லாரும் செய்கிற தவறு. அதன் வட்டம் குறுகலானது. நீங்கள் வலப்பக்கம் பார்க்கும்போது அது இடப்பக்கம் எழுந்து முங்கிவிடும். வெறுங்கண்ணால் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மெதுவாகத் துழாவுங்கள். ஆலாக்கள் (மீன் பிடிக்கும் கடற்பறவைகள்) ஒரே இடத்தில் கூட்டமாகப் பாய்ந்தால் கீழே மீன் கூட்டம் உண்டு, அங்கே கண்ணை நிறுத்துங்கள். ஒன்று எழுந்ததும் பைனாகுலரை எடுங்கள். பெரும்பாலும் சில முறை அடுத்தடுத்து மூச்சுவிட்டு, பிறகு சில நிமிடம் முங்கிவிடும். இந்த இடைவெளியில்தான் பலர் 'போய்விட்டது' என்று கிளம்புகிறார்கள். போன திசையில் கொஞ்சம் தள்ளிப் பார்த்துக் காத்திருங்கள்.

கரைக்குப் பக்கத்தில் வருவதற்கு அதிக வாய்ப்புள்ளது கூன்முதுகு டால்பின். ஆழம் குறைந்த நீரில் வாழும் இனம். முதலில் நீண்ட மூக்கு சாய்வாக வெளியே வரும், பிறகு திமில் போன்ற மேடும் அதன்மேல் சின்னத் துடுப்பும். திமில் இல்லாமல், பின்னோக்கி வளைந்த உயரமான துடுப்பென்றால் புட்டிமூக்கு டால்பின்.

ஏமாற்றுகிறவையும் உண்டு. டால்பின் துடுப்பு சக்கரம்போல் உருண்டு எழுந்து உருண்டு மறையும். மறையாமல் நேர்கோட்டில் நகர்ந்தால் சுறா. இரண்டு நுனி ஒரே சமயத்தில் தெரிந்தால் திருக்கையின் இறக்கை. மடவை மீன் துள்ளும், ஆனால் கையளவுதான். துடுப்பே இல்லாத வழவழ முதுகு என்றால் கூடுதலாகக் கவனியுங்கள், அபூர்வமாக ஆவுளியாவாக (கடல்பசு) இருக்கலாம்.

இன்னும் கிட்டத்தில் பார்க்கலாமென்று அரிச்சல்முனையில் தண்ணீருக்குள் இறங்க வேண்டாம், நீரோட்டம் இழுத்துவிடும். உயிரோடு கரை ஒதுங்கியதைக் கண்டால் வாலைப் பிடித்து இழுத்துக் கடலில் தள்ளாதீர்கள். 2016 ஜனவரியில் திருச்செந்தூர்ப் பக்கம் கூட்டமாக ஒதுங்கிய திமிங்கிலங்களை மீனவர்கள் பாடுபட்டுத் திருப்பிவிட்டும் பல மறுபடி கரைக்கே வந்தன. ஈரத்துணி போர்த்தி, தலைமேல் இருக்கும் மூச்சுத்துளையை மட்டும் திறந்துவைத்து, நிழல் கொடுத்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள்.