தாத்தா காலத்து ஃபிரிட்ஜ்: வாசகர் கேள்விகள்

மாஞ்சோலை எஸ்டேட் பங்களாவிலிருந்து தாத்தா வாங்கி வந்த ஃபிரிட்ஜ் இது. பின்னால் கம்ப்ரசர் இல்லை, அடியில் ஏதோ விளக்கு மாதிரி இருக்கிறது. யாராவது கழற்றி விற்றுவிட்டார்களா அண்ணாச்சி?
- வாசகர், கல்லிடைக்குறிச்சி

யாரும் கழற்றவில்லை. மண்ணெண்ணெயில் ஓடும் ஃபிரிட்ஜுக்குக் கம்ப்ரசரே கிடையாது. கரண்ட் எட்டாத மலைப் பங்களாக்களுக்கு ஏற்ற பெட்டி. 1922-ல் ஸ்வீடனில் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் வடிவமைத்த முறை. எலக்ட்ரோலக்ஸ் அதை வீடுகளுக்குக் கொண்டு போனது. குழாய்க்குள் அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் இருக்கும். விளக்குச் சூட்டில் அம்மோனியா தண்ணீரை விட்டுப் பிரிந்து மேலே போய்த் திரவமாகும். பெட்டிக்குள் மறுபடி ஆவியாகும்போது அங்குள்ள சூட்டை இழுத்துக்கொள்ளும். அப்புறம் தண்ணீரில் கரைந்து கீழே இறங்கிவிடும். தேயும் பாகம் ஒன்றுகூட இல்லை. எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

பின்பக்கக் குழாய்களைப் பாருங்கள். மஞ்சள் கறையோ அம்மோனியா நெடியோ இருந்தால் ஒழுகிவிட்டது என்று அர்த்தம். அந்த மஞ்சள், துருப் பிடிக்காமலிருக்கச் சேர்த்த குரோமேட். விஷம், கையால் தொடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் ஹைட்ரஜன் இருப்பதால் வெல்டிங்கும் வைக்கக் கூடாது. கறை இல்லையென்றால் புகைக்குழாய்க் கரியைச் சுரண்டி, ரசமட்டம் வைத்துப் பெட்டியைச் சமமாக நிறுத்துங்கள். சாய்ந்திருந்தால் உள்ளே திரவம் ஓடாது. காற்றோட்டமான இடத்தில் விளக்கேற்றி ஒரு ராத்திரி முழுக்கப் பொறுங்கள்.

எங்கள் ஃபிரிட்ஜ் எந்தக் காலத்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
- வாசகி, பாளையங்கோட்டை

பின்பக்கத் தகட்டைத் துடைத்துப் படியுங்கள். மாடல், வோல்ட், உள்ளே குளிரூட்டும் கேஸின் பெயர் எல்லாம் அதில் இருக்கும். ஆர்-12 என்றிருந்தால் பழசு, ஆர்-134ஏ என்றால் தொண்ணூறுகளுக்குப் பிந்தையது. கோத்ரெஜ் 1958-ல்தான் ஃபிரிட்ஜ் செய்ய ஆரம்பித்தது. 110 வோல்ட் என்றிருந்தால் வெளிநாட்டுச் சரக்கு; நம் 230-ல் நேராகச் செருகிவிடாதீர்கள். கதவில் கொக்கிப் பூட்டு இருந்தால் இன்றே கழற்றுங்கள். உள்ளே புகுந்து விளையாடும் குழந்தையால் அதைத் திறக்க முடியாது.

கேஸ் போய்விட்டது, ஆர்-12 கிடைக்காது, 134ஏ அடிக்கிறேன் என்கிறார் மெக்கானிக். சரியா?
- வாசகர், சங்கரன்கோவில்

அவசரப்படாதீர்கள். கம்ப்ரசர் 'டிக்' என்று தட்டிவிட்டு நின்றால் முதலில் ரிலேயையும் (கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் சுவிட்ச்) ஓவர்லோடையும் (சூடு ஏறினால் கரண்டைத் துண்டிக்கும் பாகம்) பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் சின்னச் செலவு. நன்றாக ஓடியும் குளிரவில்லை என்றால்தான் கேஸ் பக்கம் போக வேண்டும். கேஸ் தானாகத் தீராது, ஒழுகித்தான் போகும். ஓட்டையை அடைக்காமல் அடிப்பது வீண். ஆர்-12 கம்ப்ரசரில் இருப்பது மினரல் ஆயில். 134ஏ அதோடு கலக்காது. ஆயில் குளிரூட்டும் குழாய்ச் சுருளிலேயே தங்கி, கம்ப்ரசர் காய்ந்து போகும். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுவதாக இருந்தால் மட்டும் சம்மதியுங்கள்.

கதவைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது.
- வாசகி, அம்பாசமுத்திரம்

உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். எர்த் இல்லாத இரண்டு பின் பிளக் என்றால் மூன்று பின்னுக்கு மாற்றி, வீட்டு எர்த்தையும் எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். கம்ப்ரசருக்குள் இருக்கும் கரண்ட் கம்பி அதன் இரும்பு பாடியோடு ஒட்டியிருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் மறுபடி போட வேண்டும்.