ஹரோ வீட்டை விற்று யாழ்ப்பாணம் போகலாமா?

கேள்வி: லண்டன் ஹரோவில் ஒரே வீட்டில் 25 வருடமாக இருக்கிறோம். எனக்கு வயது 67. அரச ஓய்வூதியம் முழுமையாக, கிழமைக்கு 241.30 பவுண் வருகிறது. மனைவிக்கு 63. அவருடைய தேசிய காப்புறுதிப் பதிவில் 24 வருடங்கள்தான் உள்ளன. வேலை இடத்து ஓய்வூதிய நிதியில் 140,000 பவுணும் ஐசா என்ற வரியில்லாச் சேமிப்பில் 45,000 பவுணும் இருக்கின்றன. வீட்டின் இன்றைய பெறுமதி 520,000 பவுண், கடன் முடிந்துவிட்டது. மனைவியின் சீதன வீடு யாழ்ப்பாணம் கொக்குவிலில் பூட்டிக் கிடக்கிறது. ஹரோ வீட்டை விற்று, ஒரு பவுண் 400 ரூபா என்று மாற்றி அங்குள்ள வங்கியில் நிலையான வைப்பில் போட்டால், 8 வீத வட்டியில் மாதம் 13 இலட்சத்துக்கு மேல் வரும் என்கிறார் மைத்துனர். எங்கள் செலவு மாதம் இரண்டரை இலட்சத்தைத் தாண்டாது. பிள்ளைகள் இருவரும் லண்டனில் வேலை செய்கிறார்கள். நாங்கள் போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். ஹரோ வீட்டை மட்டும் விற்காதீர்கள். மைத்துனரின் பெருக்கலில் பிழையில்லை, ஆனால் அது இந்த வருடத்துக்கான கணக்கு. நீங்கள் போட வேண்டியது உங்களுக்கு 85 வயதாகும்போது வரும் கணக்கு.

முதலில் அரச ஓய்வூதியம். பிரித்தானியாவில் வசிப்பவருக்கு அது ஒவ்வொரு ஏப்ரலிலும் கூடும்: விலைவாசி உயர்வு, சராசரிச் சம்பள உயர்வு, 2.5 வீதம் ஆகிய மூன்றில் எது பெரிதோ அந்த அளவுக்கு. இலங்கையில் குடியேறியவருக்கு அது கூடாது. போகும்போது 241.30 பவுண் என்றால் கடைசிவரை 241.30 பவுண்தான். அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், மொரீசியஸ் போன்ற நாடுகளில் குடியேறினால் உயர்வு கிடைக்கும். இலங்கை, இந்தியா, கனடா, அவுஸ்திரேலியாவில் கிடைக்காது. இதை எதிர்த்து ஓய்வூதியர் சிலர் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை போய் 2010இல் தோற்றார்கள். ஆகவே சட்டம் மாறும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

வருடத்துக்கு 2.5 வீதம் மட்டும் கூடினாலே, லண்டனில் இருக்கும் உங்கள் வயதுக்காரர் 20 வருடம் கழித்துக் கிழமைக்கு 395 பவுண் வாங்குவார். உங்களுக்கு அப்போதும் 241.30தான். இடையில் விட்டுப்போன தொகையைக் கூட்டினால் ஏறக்குறைய 77,500 பவுண். யாழ்ப்பாணம் போவதற்கு நீங்கள் கொடுக்கும் உண்மையான விலை இதுதான், விமானச் சீட்டல்ல.

மகளின் லண்டன் முகவரியைக் கொடுத்துவிட்டு, குடிபெயர்ந்ததைச் சொல்லாமல் இருந்தால் என்ன என்று பலரும் கேட்பதுண்டு. கூடுதலாகப் பெற்றதைத் திருப்பிக் கேட்பார்கள், மோசடி வழக்கும் வரலாம். அந்த வழி வேண்டாம். வருடத்தில் பாதி இங்கே, பாதி அங்கே என்று இருப்பவர்கள் ஓய்வூதியத்துக்கு எந்த நாடு என்று ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு விகிதம் என்று மாற்றி மாற்றி வாங்க முடியாது. இலங்கையில் குடியேறிய பின் லண்டனுக்கு வந்து நிற்கும் கிழமைகளுக்கு உயர்ந்த தொகையைக் கேட்டுப் பெறலாம். நிரந்தரமாகத் திரும்பி வந்தால் அன்றைய முழு விகிதமும் கிடைக்கும்.

இனி அந்த 8 வீத வட்டி. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா, மே மாதத்தில் ஏறக்குறைய 360. ஒரு கோடி ரூபா வைப்பு வைத்திருந்தவரிடம் மார்ச்சில் 50,000 டொலர் இருந்தது, மே மாதத்தில் 28,000கூட இல்லை. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி முந்தைய வருடத்தைவிட 69.8 வீதம் ஏறியிருந்தது. வங்கி சொன்ன வட்டியைச் சொன்னபடி கொடுத்தது, அந்த வட்டியால் வாங்கக்கூடியதுதான் குறைந்தது. உங்கள் 520,000 பவுண் 20 கோடி ரூபாவுக்கு மேல். வைப்புக் காப்புறுதியோ ஒருவருக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் ரூபா வரைதான். வட்டியில் 10 வீதத்தை வங்கியே வரியாகப் பிடிக்கும். ஆளுக்கு வருடம் 18 இலட்சம் ரூபா விலக்குப் போக மீதிக்கு 6 முதல் 36 வீதம் வரை படிப்படியாக வருமான வரி உண்டு. மைத்துனரின் 13 இலட்சத்தில் இதெல்லாம் கழியவில்லை. ரூபாவாக்கிய பணத்தை மறுபடி வெளியே கொண்டுவரவும் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் வரம்புகள் உண்டு.

வீட்டை வாடகைக்கு விட்டால் என்ன வரும்? மாதம் 2,000 பவுண் என்று வைப்போம். முகவர் கூலி, திருத்த வேலை, காப்புறுதி, இடையில் காலியாகக் கிடக்கும் நாட்கள் எல்லாம் போக வருடம் 18,000 மிஞ்சும். வீடு இருவர் பெயரிலும் இருந்தால் ஆளுக்கு 9,000. உங்கள் வரியில்லா எல்லையான 12,570 பவுணை ஓய்வூதியமே ஏறக்குறைய நிரப்பிவிடுவதால், உங்கள் பங்குக்கு 20 வீத வரி, கிட்டத்தட்ட 1,800 பவுண். மனைவியின் பங்குக்கு அவருடைய ஓய்வூதியம் தொடங்கும்வரை பிரித்தானியாவில் வரி இல்லை. வீட்டில் அவருடைய உரிமைப் பங்கை எழுத்தில் கூட்டி, படிவம் 17ஐ எச்.எம்.ஆர்.சி. என்ற பிரித்தானிய வரித் திணைக்களத்துக்குக் கொடுத்தால் உங்கள் வரியும் குறையும். ஓய்வூதியத்தையும் சேர்த்தால் கைக்கு வருவது வருடம் 28,700 பவுண் அளவில், அதாவது பவுண் அதே 400 ரூபா என்றால் மாதம் ஒன்பதரை இலட்சம் ரூபா. நீங்கள் சொன்ன செலவுக்கு இது தாராளம், 140,000 பவுண் நிதியில் கையே வைக்கவில்லை.

இதில் நான் பெரிதாக நினைப்பது தொகையை அல்ல. உறைந்துபோன ஓய்வூதியத்துக்கு ஈடு செய்யக்கூடிய வருமானம் உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது லண்டன் வாடகை. லண்டனில் விலைவாசி ஏறினால் வாடகையும் ஏறும், ரூபா விழுந்தால் பவுணாகவே வந்து சேரும். விற்றால் இரண்டு காப்பும் ஒன்றாகப் போய்விடும்.

வாடகைக்கு விடுவதில் மூன்று இடத்தில் சிக்கல் வரும். புறப்படும் முன், நாட்டை விட்டுப் போவதை அறிவிக்கும் பி85 படிவத்தோடு, வெளிநாட்டில் வாழும் வீட்டுக்காரருக்கான என்.ஆர்.எல்.1 படிவத்தையும் எச்.எம்.ஆர்.சி.க்கு அனுப்புங்கள். இல்லாவிட்டால் முகவர் வாடகையில் 20 வீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார். இரண்டாவது, 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் காரணம் சொல்லாமல் வாடகையாளரை எழுப்ப முடியாது. நீங்களே குடிவரவோ விற்கவோ வேண்டுமென்றால் குடியிருப்பு தொடங்கி ஒரு வருடம் கழிந்திருக்க வேண்டும், நான்கு மாத முன்னறிவித்தலும் வேண்டும். அவசரமாகத் திரும்பினால் சில மாதம் பிள்ளைகளோடு தங்க வேண்டியிருக்கும். இதை அவர்களிடம் இப்போதே சொல்லிவையுங்கள். மூன்றாவது, மூலதன ஆதாய வரி. மூன்று வருடம் வாடகைக்கு விட்டுப் பிறகு விற்கிறீர்கள், இலாபம் 300,000 பவுண் என்று வைப்போம். குடியிருந்த 25 வருடமும் கடைசி 9 மாதமும் விலக்கு. மீதி இரண்டேகால் வருடத்துக்கு, 28இல் பங்கிட்டால், சுமார் 24,000 பவுண்தான் வரிக்கு உட்படும். இருவருக்கும் பிரித்து ஆளுக்கு 3,000 விலக்கையும் கழித்து 18 வீதம் கட்டினால் மொத்தம் 3,200 பவுண் அளவில் முடியும். விற்று 60 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். முடிவைத் தள்ளிப்போட இது மலிவு. விற்றுவிட்டுப் பிறகு வெளிநாட்டில் இருந்தபடியே மறுபடி இங்கே வீடு வாங்கினால், முத்திரை வரியோடு 2 வீதம் மேலதிகமாகக் கட்ட வேண்டும்.

மனைவியின் கணக்கைப் பலரும் கவனிக்காமல் விடுவார்கள். உங்களுக்குப் பிறகு உங்கள் அரச ஓய்வூதியம் பொதுவாக அவருக்குப் போகாது. அவருக்குச் சொந்தமாக உள்ளதுதான் மிஞ்சும். முழுத் தொகைக்குத் தேசிய காப்புறுதிப் பதிவில் 35 வருடம் வேண்டும், 24 வருடத்துக்குக் கிழமைக்கு ஏறக்குறைய 165 பவுண் வரும். விடுபட்ட வருடங்களைச் சுயவிருப்பாகக் கட்டி நிரப்பலாம். மூன்றாம் வகுப்புக் கட்டணம் 2026-27இல் கிழமைக்கு 18.40, வருடத்துக்கு 957 பவுண். நிரப்பும் ஒவ்வொரு வருடமும் ஓய்வூதியத்தில் வருடம் 358 பவுணைக் கூட்டும். போட்ட காசு இரண்டே முக்கால் வருடத்துக்குள் திரும்பிவிடும், உறைந்த ஓய்வூதியத்திலும்கூட. வழமையாகக் கடந்த 6 வருட இடைவெளிகளைக் கட்டலாம், வெளிநாட்டில் இருந்து தொடர சி.எஃப்.83 படிவம் உண்டு. கட்டும் முன் அரச இணையத்தளத்தில் அவருடைய ஓய்வூதிய மதிப்பீட்டைப் பாருங்கள், சில பழைய வருடங்களை நிரப்பினாலும் தொகை கூடாது. ஒரு நல்ல செய்தி: அவர் 67 வயதாகும்போதுதான் ஓய்வூதியம் பெறத் தொடங்குவார், அன்றைய விகிதமே அவருக்கு உறையும். இப்போதே போவதால் அவருக்கு நட்டமில்லை.

இனி வைத்தியம். பிரித்தானியாவை விட்டுக் குடிபெயர்ந்தால் என்.எச்.எஸ். என்ற அரச சுகாதார சேவையின் வைத்தியசாலைச் சிகிச்சை உரிமை போய்விடும், இவ்வளவு காலம் வரி கட்டியது கணக்கில் வராது. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை இலவசம், வட மாகாணம் முழுவதற்கும் அதுதான் பெரியது. நெரிசலும் அதற்கேற்பத்தான். பெரிய சத்திரசிகிச்சை என்றால் கொழும்புக்கோ, பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கோ போகிறவர்கள் ஏராளம். 67 வயதில் புதிதாகத் தனியார் மருத்துவக் காப்புறுதி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களை விலக்கித்தான் தருவார்கள். ஆகவே வேலை இடத்து நிதியிலிருந்து 25 வீதமான 35,000 பவுணை வரியில்லாமல் எடுத்து, வைத்தியத்துக்கென்றே லண்டன் கணக்கில் பவுணாக வையுங்கள். பிரித்தானியாவில் ஒருவருக்கு ஒரு வங்கியில் 120,000 பவுண் வரை பாதுகாப்பு உண்டு. இதை இலங்கையில் 183 நாள் கடந்து வரி வதிவாளராக ஆகும் முன் எடுத்துவிடுங்கள். பிரித்தானியாவில் வரியில்லாத தொகை இலங்கையிலும் வரியில்லாததாக இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

மனைவிக்கும் உங்களுக்கும் இரட்டைப் பிரசாவுரிமைக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். 55 வயதைக் கடந்தவர்களுக்கு என்று தனிப் பிரிவே உண்டு. அது இல்லாவிட்டால் ஓய்வூதியர் விசாவுக்கு டொலர் வைப்பு, மாத வரவு என்று நிபந்தனைகள். 2014ஆம் ஆண்டு 38ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டவர் காணி வாங்கவும் முடியாது. ஆனாலும் காணி வாங்குவதைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம், சீதன வீடு இருக்கிறதே. அதன் உறுதியைக் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கும்படி ஒரு சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டின் வளவில் வேறொருவர் 10 வருடம் தடையில்லாமல் ஆண்டிருந்தால் ஆட்சியுரிமை கோரலாம், வேலி நகர்வதும் அப்படித்தான். கூரை, மின்கம்பி, கிணற்று நீர்ப் பரிசோதனை, சக்கர நாற்காலி நுழையக்கூடிய குளியலறை, இவற்றோடு திருத்தத்தை நிறுத்துங்கள். மாடி கட்டாதீர்கள். வெளிநாட்டுக் காசில் கட்டிய மாடி வீடுகள் விற்கப் போகும்போது போட்ட காசைத் தருவது அரிது, முழங்காலுக்கும் உதவாது.

80 வயதுக்கு மேல் திரும்ப நேர்ந்தால் என்ன என்பதையும் எழுதிவையுங்கள். நிரந்தரமாகக் குடியேறத் திரும்பினால் என்.எச்.எஸ். அன்றே கிடைக்கும். முதியோர் பராமரிப்புக்கான உதவித்தொகைக்கு, கடைசி 156 கிழமைகளில் 104 கிழமை பிரித்தானியாவில் இருந்திருக்க வேண்டும், தீராத நோயின் இறுதிக் கட்டத்தில் இருப்போருக்கு மட்டும் விதிவிலக்கு. பராமரிப்பு இல்லச் செலவில் இங்கிலாந்து உள்ளூராட்சி மன்றம் பங்கெடுக்க உங்கள் சொத்து 23,250 பவுணுக்குள் இருக்க வேண்டும், ஹரோ வீடு அந்தக் கணக்கில் வரும். வீட்டை வைத்திருப்பதற்கு இது பாதகமான பக்கம்தான். ஆனாலும் எந்த இல்லம் என்று தெரிவு செய்யும் வலு அந்த வீட்டால்தான் வரும்.

கடைசியாக ஒரு சிறு வேலை, இதில்தான் பலருக்கும் ஓய்வூதியம் நின்றுபோகிறது. உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்டு ஓய்வூதியத் திணைக்களம் ஒரு படிவம் அனுப்பும். சாட்சி கையெழுத்தோடு 16 கிழமைக்குள் திருப்பி அனுப்பாவிட்டால் பணத்தை நிறுத்திவிடுவார்கள். கொக்குவில் முகவரியைத் தெளிவாகப் பதிந்து, கடிதம் தாமதமாக வந்தால் காத்திராமல் தொலைபேசியில் கேளுங்கள். வெளிநாட்டு முகவரி வைத்திருப்போரின் கணக்கை மூடும் வங்கிகளும் உண்டு, உங்கள் வங்கி அப்படியா என்பதைப் புறப்படும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.